கேட்கக் கற்பித்தவர்: ஹைராம் பெர்சி மாக்சிம்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, யாப்பியல் பற்றியோ உரையாசிரியர் ஒருவரைப் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவ்வெண்ணத்திற்கு மாறாக அமெரிக்கப் பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்பட்டுள்ளேன். மாறாக என்பதும் முற்றும் பொருந்தாது. குறுகியும் நீண்டும் ஒலிக்கும் இரண்டே ஒலிகளைக் கொண்டு கடல் கடந்தும் உரையாடிய ஒரு கூட்டத்திற்குச் செவிப்பழக்கத்தையும் சொல்லொழுக்கத்தையும் கற்பித்தவர் அவர். ஒலியின் அளவை மாத்திரை கொண்டு அளக்கும் இலக்கணத்தை நாள்தோறும் வகுப்பில் நடத்தும் எனக்கு அவர் அயலாராகத் தோன்றவில்லை.

ஹைராம் பெர்சி மாக்சிம் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தார். மாக்சிம் என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தோர்க்கு நினைவில் எழுவது இவர் அல்லர், இவர்தம் தந்தை. இடைவிடாது தானே குண்டு பொழியும் இயந்திரத் துப்பாக்கியை 1884இல் ஆக்கியவர் ஹைராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பியப் படைகள் அத்துப்பாக்கியைக் கொண்டு நிகழ்த்திய அழிவு பெரிது. 1901இல் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. தம் துப்பாக்கிகளின் முழக்கத்தை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கேட்டதன் பயனாக முதுமையில் அவர் செவிப்புலனைப் பெரிதும் இழந்துவிட்டார் என்பதும் பதிவாகியுள்ளது.

தந்தை 1881இல் மின்சாரக் கண்காட்சி ஒன்றிற்காகப் பாரிசுக்குச் சென்றார். பின்னர் இலண்டனிலேயே தங்கிவிட்டார். அங்கு வேறொரு மணமும் செய்துகொண்டார். பெர்சிக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. தாய் ஜேன், உடன்பிறந்த பெண்மக்கள் இருவர் ஆகியோருடன் அமெரிக்காவிலேயே அவர் வளர்ந்தார். தம் இறுதிக் காலத்தில் தந்தையைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். தந்தையின் குறும்புகளையும் விந்தைச் செயல்களையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நூல் அது; விட்டுச் சென்றவர் மீது குற்றம் சாட்டும் நூல் அன்று. அந்தச் சிரிப்பின் அடியில் வருத்தமே இல்லை என்று எவரும் துணிந்து சொல்லார். ஆயினும் வருத்தத்தை நகைச்சுவையாக மாற்றிச் சொல்லும் கலை இவருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. அக்கலை பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

அவர்தம் பொறியியல் வாழ்வை விரைந்து கடந்துவிடலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்று 1886இல், பதினேழு வயது நிறையுமுன்பே, வெளிவந்தார். லின் நகரில் வெடிகுண்டுக் கூடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிக்கொண்டே, வெற்று வெடியுறை ஒன்றில் பெட்ரோல் துளிகளை இட்டு எரியவிட்டு அதன் ஆற்றலை ஆராய்ந்தார். அதனைக் கொண்டு மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் பார்த்தார். 1895இல் ஹார்ட்ஃபோர்டு நகரின் போப் மிதிவண்டி நிறுவனம் அவரை மோட்டார் வண்டிகள் செய்வதற்கென அழைத்துக்கொண்டது. 1898இல் ஜோசபின் ஹாமில்டன் என்ற பெண்மணியை மணந்தார். 1909இல் துப்பாக்கியின் வெடியொலியை அடக்கும் சைலன்சர் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். குளியல் தொட்டியிலிருந்து நீர் சுழன்று சுழன்று ஓசையின்றி வடிவதைக் கண்டு இவ்வெண்ணம் தோன்றிற்று என்பர். வெளிப்படும் வளியையும் அவ்வாறே சுழலவிட்டு மெல்ல விடுத்தால் ஓசை அடங்கும் என்பதே அதன் உட்பொருள். தந்தை முழங்கவிட்டதை மகன் அடக்கினார் என்று மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் துப்பாக்கி அப்பொழுதும் துப்பாக்கிதான் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மாக்சிமின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்துவது இவற்றுள் எதுவும் அன்று. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய மகனுக்குக் கம்பியில்லாத் தந்தியில் ஆர்வம் பிறந்தது. மகனின் ஆர்வம் தந்தையைத் தொற்றிக்கொண்டது. அப்பொழுது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. புதிய மொழி ஒன்றைக் கற்பதற்கு உகந்த வயதென்று யாரும் சொல்லாத வயது. அதே பருவத்தில் இருப்பவள் என்ற முறையில் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

அக்காலத்து வானொலியில் குரல் இல்லை, இசையும் இல்லை. மின்பொறி தெறிக்கும்பொழுது எழும் அலையை விசை ஒன்றால் விட்டுவிட்டு அனுப்புவர். கேட்பவர் செவியில் ஹெட்போனைப் பொருத்திக்கொண்டு, குற்றொலிகளும் நெட்டொலிகளுமாக வருவதை எழுத்தாக மாற்றித் தாளில் எழுதுவார். மோர்ஸ் குறியீடு எனப்படும் இம்முறையின் இலக்கணம் எளியது. புள்ளியின் கால அளவு ஒன்று எனின் கோட்டின் அளவு மூன்று. ஓர் எழுத்தினுள் ஒலிக்கும் ஒலிக்கும் இடையே ஓரளவு இடைவெளி. எழுத்திற்கும் எழுத்திற்கும் இடையே மூன்றளவு. சொல்லிற்கும் சொல்லிற்கும் இடையே ஏழளவு. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, உயிரளபெடைக்கு மூன்று மாத்திரை. எனவே மோர்சின் கோட்டை நெடிலுடன் ஒப்பிடுவதைவிட அளபெடையுடன் ஒப்பிடுவதே பொருந்தும். ஒலியைப் போலவே ஒலியின்மையையும் அளந்து வைத்திருப்பது இம்மொழியின் தனிச்சிறப்பு. இடைவெளி பிழைத்தால் இரண்டெழுத்து ஒன்றாகிவிடும், ஓரெழுத்து இரண்டாகிவிடும்.

இதனைக் கற்பதில் பெரும்பாலோர் இடறும் இடம் ஒன்று உண்டு. புள்ளியும் கோடுமாக அச்சிட்ட அட்டவணையை எதிரே வைத்துக்கொண்டு கண்ணால் மனப்பாடம் செய்வர். பின்னர் ஒலி வரும்பொழுது புள்ளிகளை எண்ணி, கோடுகளை எண்ணி, மனத்திலுள்ள அட்டவணையில் தேடி, எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் கடந்து போயிருக்கும். எண்ணிக் கற்றவர் ஒரு வேகத்திற்குமேல் ஏற இயலாமல் நின்றுவிடுவார். மாறாக, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சிறு சந்தமாகச் செவியால் கற்றவருக்கு எண்ணும் வேலையே இல்லை. சந்தம் கேட்ட அளவில் எழுத்து தோன்றும். மேலும் பழகினால் எழுத்தும் மறைந்து சொல்லே நேராகக் கேட்கும். அமெரிக்காவின் இண்டியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர் தந்திப் பணியாளரை ஆராய்ந்து 1897லும் 1899லும் வெளியிட்ட கட்டுரைகள் உளவியலில் புகழ்பெற்றவை. கற்போர் சில காலம் முன்னேற்றமே இன்றித் தேங்கி நிற்பதையும், எழுத்தைக் கேட்கும் நிலையிலிருந்து சொல்லைக் கேட்கும் நிலைக்குச் செவி மாறியபின் மீண்டும் மேலேறுவதையும் அவர்கள் காட்டினர். வெண்பாவை வாய்பாடு சொல்லி அலகிட்டே பழகிய மாணவருக்கும், ஓசை கேட்ட அளவில் தளை தட்டும் இடத்தை உணரும் மாணவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் காணும் எனக்கு அவ்வாய்வில் வியப்பில்லை.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதுவரை எவர் வேண்டுமாயினும் எந்த அலையிலும் விசையைத் தட்டலாம் என்றிருந்த நிலை மாறியது. பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்திருந்த அமெச்சூர்கள் உரிமம் பெறுதல் வேண்டும். மோர்ஸ் தேர்விலும் தேறுதல் வேண்டும். 200 மீட்டர் அலைநீளத்திற்குக் கீழேதான் இயங்கலாம் என்று சட்டம் வகுத்தது. 200 மீட்டருக்குக் கீழ்ப்பட்ட அலைகள் தொலைவு செல்லா, ஆகவே எதற்கும் உதவா என்பது அக்கால அறிஞர்தம் துணிபு. ஊருக்கு வெளியே தரிசு நிலம் ஒதுக்கித் தருவதைப் போன்ற ஒதுக்கீடுதான் அது.

1914 ஏப்ரலில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று பெரிய விளைவைத் தந்தது. மாக்சிமுக்கு ஆடியான் என்னும் வானொலிக் குழல் ஒன்று தேவைப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு நகர அமெச்சூர் ஒருவரிடம் அது விலைக்கு இருந்தது. ஹார்ட்ஃபோர்டுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது மைல்தான். ஆயினும் ஒரு கிலோவாட் ஆற்றல் கொண்ட மாக்சிமின் நிலையத்திற்கு அன்றிரவு அந்த முப்பது மைல் எட்டவில்லை. இடைவழியில் உள்ள விண்ட்சர் லாக்ஸ் என்ற ஊரின் அமெச்சூர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரிடம் செய்தியைக் கொடுக்க, அவர் அதை அப்பால் கொடுக்க, செய்தி சேர்ந்தது.

ஒருவர் கை மற்றொருவர் கைக்கு மாற்றினால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று மாக்சிம் கருதினார். நாம் பள்ளி விளையாட்டு விழாக்களில் அஞ்சலோட்டம் என்கிறோமே, அதே கருத்து. அம்மாதத்திலேயே ஹார்ட்ஃபோர்டு வானொலி மன்றத்தில் இதனை முன்மொழிந்தார். மே மாதத்தில் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் தோன்றியது. மாக்சிம் தலைவர், பதின்பருவம் கடவாத கிளாரன்ஸ் டஸ்கா செயலர். 1915 டிசம்பரில் கியூ.எஸ்.டி. என்ற இதழும் வெளிவரத் தொடங்கிற்று. அனைத்து நிலையங்களுக்கும் பொது அறிவிப்பு என்று பொருள்படும் குறியே இதழின் பெயராயிற்று. 1917 பிப்ரவரியில் அமெரிக்காவின் கீழைக்கடற்கரையிலிருந்து மேலைக்கடற்கரைக்குச் செய்தி போய், விடையும் ஒரு மணி இருபது நிமிடத்தில் திரும்பியது. இடையில் அதைக் கைமாற்றியவர்கள் அனைவரும் ஊதியம் பெறாதவர்கள்.

இவ்வாறு கைமாற்றுவதில்தான் ஒழுக்கம் தேவைப்பட்டது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். படியெடுத்தவர் ஒவ்வொருவரும் ஒரெழுத்தை மாற்ற, பாடவேறுபாடுகள் பெருகின. ஐந்து நிலையங்களைக் கடந்து செல்லும் வானொலிச் செய்திக்கும் அதே இடர் உண்டு, அதுவும் ஓரிரவிலேயே. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண், புறப்பட்ட நிலையம், சொற்களின் தொகை, ஊர், நாள் ஆகியவை தலைப்பில் இடம்பெற்றன. பெற்றவர் தாம் எழுதிய சொற்களை எண்ணிப் பார்ப்பார். தொகை ஒவ்வாவிட்டால் ஐயமுள்ள பகுதியை மீண்டும் கேட்பார். முழுவதும் சரியாகப் பெற்றபின்பே பெற்றேன் என்பதற்குரிய குறியைத் தட்டுவார். அக்குறியைத் தட்டிவிட்டால் செய்தியின் பொறுப்பு அவருடையது. தமக்குப் பிடிக்காத சொல்லாயினும் மாற்றுதற்கு உரிமை இல்லை. நம் பதிப்பாசிரியர் சிலர்க்கும் இவ்விதி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சொற்களை எண்ணச் சொல்வது எளிது. இளைஞர்களை அடக்கமாகப் பழகச் செய்வது எளிதன்று. வானொலி என்பது ஒரே முற்றம். ஒருவர் பேசும்பொழுது மற்றொருவர் குறுக்கிட்டால் இருவர் செய்தியும் கெடும். எவரேனும் விடை தாருங்கள் என்னும் சி.கியூ. குறியை முடிவின்றித் தட்டிக்கொண்டே போய், தாம் யார் என்ற அழைப்புக்குறியைச் சொல்லாமல் விட்டவர் பலர். அலையில் ஏற்கெனவே பேச்சு நடக்கிறதா என்று கேளாமல் விசையில் கை வைத்தவர் பலர். கைவாகு பிழைத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவிட்டவர், தமக்கு மட்டும் விளங்கும் சுருக்கங்களைப் புகுத்தியவர், மெதுவாக அனுப்பும் புதியவரை மதியாதவர் என இப்பட்டியல் நீளும். கழகத் தலைவர் என்ற முறையில் மாக்சிம் அறிவுரை எழுதியிருக்கலாம். அறிவுரையைப் பதினாறு வயதினர் எவ்வாறு வரவேற்பர் என்பதை ஆசிரியராய் இருப்போர் அறிவோம்.

1917 ஜனவரி இதழில் கிழவர் என்னும் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தந்தியாளர் வழக்கில் எதிர்முனையில் இருப்பவர் சிறுவனேயாயினும் கிழவர் என்றே விளிப்பர். நம் ஊரில் பாலகனைக்கூட அப்பா என்றும் ஐயா என்றும் அழைப்பதைப் போன்றது அது. இந்தக் கிழவரோ உண்மையிலேயே எரிச்சல் மிகுந்த முதியவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். இரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்து, காதில் விழும் அட்டூழியங்களை எல்லாம் நினைத்து நினைத்துப் புலம்பினார். வானொலியில் எல்லாமே அழுகிப்போய்விட்டன என்பதே அவர்தம் ஓயாத முறையீடு. படித்த இளைஞர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். சிரித்து முடித்தபின் தாமும் அப்பிழையைச் செய்வதை உணர்ந்தனர். முறைகேடாக இயங்குவோரைத் தண்டிப்பதற்கென்றே வூஃப் ஹாங் என்னும் கொடிய கருவி ஒன்று உண்டு என்றும் கிழவர் எழுதினார். அது என்ன, எவ்வாறு பயன்படும் என்று எவருக்கும் தெரியாது. 1919இல் மரத்துண்டுகளால் ஆன விந்தையான பொருள் ஒன்று கழகத்திற்கு வந்து சேர்ந்தது. இதுவே அக்கருவி என்றார்கள். கழகமும் அதைப் பெருமதிப்புடன் பாதுகாத்து வருகிறது. யார் இந்தக் கிழவர் என்ற வினா மட்டும் விடையின்றி நின்றது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் மூடுமாறு ஆணை பிறந்தது. அனுப்புவது மட்டுமன்றிக் கேட்பதும் தடைசெய்யப்பட்டது, ஏரியல்கள் இறக்கப்பட்டன. மோர்ஸ் அறிந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படைகளில் வானொலியாளராகச் சேர்ந்தனர். இதழும் நின்றது. போர் முடிந்ததும் தடை நீங்கும் என்று எதிர்பார்த்தவர்க்கு ஏமாற்றமே காத்திருந்தது. வானொலி முழுவதையும் கடற்படையின் ஆட்சிக்கு உட்படுத்தும் சட்ட முன்வரைவு ஒன்று 1918இன் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வந்தது. அது நிறைவேறியிருந்தால் அமெச்சூர் வானொலி அத்துடன் முடிந்திருக்கும். மாக்சிம் தலைநகர் சென்று வாதிட்டார். உறுப்பினர்களும் அவர்தம் பெற்றோரும் தத்தம் பிரதிநிதிகளுக்கு மடல்கள் எழுதினர். முன்வரைவு கைவிடப்பட்டது. அப்பொழுது கழகத்தின் கையிருப்பு 33 டாலர் என்பர். மாக்சிமும் நண்பர்களும் பழைய உறுப்பினர்களிடம் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, டஸ்காவிடமிருந்து இதழைக் கழகத்தின் பெயருக்கு வாங்கினர். 1919இன் இலையுதிர் காலத்தில் விசைகள் மீண்டும் ஒலித்தன.

அதன்பின் நிகழ்ந்தவை வேகமானவை. கழகம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. 1921 டிசம்பரில் ஆர்ட்ராசன் கடற்கரையில், மழையிலும் காற்றிலும் கூடாரம் அடித்து அமர்ந்து, அட்லாண்டிக்கிற்கு அப்பாலிருந்து வந்த அமெச்சூர்களின் ஒலியை அவர் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் தெலுவா, கழகத்தைச் சார்ந்த ஃபிரெட் ஷ்நெல் ஆகிய இருவரும் கடல் கடந்து ஒருவரோடொருவர் உரையாடினர். அவர்கள் பயன்படுத்திய அலை நூறு மீட்டரை ஒட்டியது. உதவா என்று ஒதுக்கப்பட்ட சிற்றலைகளே வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி உலகைச் சுற்றுகின்றன என்பது தெளிவாயிற்று. தரிசில் புதையல் கிடைத்தது. 1925இல் பாரிசில் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் அமைந்தபொழுது முதல் தலைவராகவும் மாக்சிமே தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தை குடும்பத்தை விட்டுப் புறப்பட்டுப்போன நகரமும் பாரிசுதான். இவ்வொற்றுமையை மாக்சிம் எண்ணிப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வானொலியுடன் அவர் நிற்கவில்லை. சொந்தமாகத் திரைப்படம் எடுத்துப் பழகுவோர்க்கென 1926இல் ஒரு கழகம் கண்டார். வேற்றுலகில் உயிர்கள் உண்டா என்ற வினாவை ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் எழுதினார். 1936 பிப்ரவரியில் மேற்கு நோக்கித் தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்தபொழுது நோயுற்று, கொலராடோ மாநிலத்தின் லா ஹுண்டா என்ற ஊரில் இறக்கிச் சேர்க்கப்பட்டார். அங்கே அம்மாதம் 17ஆம் நாள் காலமானார். வயது அறுபத்தாறு.

அதன் பின்னரே கியூ.எஸ்.டி. இதழ் உண்மையை வெளியிட்டது. பத்தொன்பது ஆண்டுகளாக வாசகரைச் சிரிக்க வைத்தும் திருத்தியும் வந்த கிழவர் வேறு யாரும் அல்லர், கழகத்தின் தலைவரே. மாநாடுகளில் கிழவரின் கட்டுரையைத் தம் எதிரிலேயே பிறர் எடுத்துப் பேசியபொழுதெல்லாம் மாக்சிம் தாமும் ஒரு வாசகராக இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். புகழுக்குரிய எழுத்தின் மீது உரிமை கோராமல் இறுதிவரை வாய் மூடியிருப்பது, எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு அரிய செயல் என்பதை நம் வட்டத்தார் அறிவர்.

டபிள்யூ-1-ஏ-டபிள்யூ என்பது மாக்சிமின் அழைப்புக்குறி. அதனை அரசின் இசைவுடன் கழகம் ஏற்றுக்கொண்டு, 1938இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூயிங்டனில் அவர் நினைவாகச் செங்கல் கட்டடத்தில் ஒரு நிலையத்தைத் திறந்தது. வானொலி உரிமத்திற்கு மோர்ஸ் கட்டாயம் என்ற பன்னாட்டு விதி 2003இல் நீங்கிற்று; அமெரிக்காவிலும் 2007இல் அத்தேர்வு எடுக்கப்பட்டது. நம் நாட்டுத் தந்தி அலுவலகங்களும் 2013 ஜூலையில் மூடப்பட்டன. எனினும் நியூயிங்டன் நிலையம் கற்போர்க்கான மோர்ஸ் பயிற்சியை நிறுத்தவில்லை. நிமிடத்திற்கு ஐந்து சொல் என்னும் மெல்லிய நடையில் தொடங்கும் பயிற்சியும் உண்டு. தேர்ந்தோர்க்கான விரைந்த நடையும் உண்டு. அனுப்பப்படும் பாடம் கியூ.எஸ்.டி. இதழின் பக்கங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. எழுதிப் பார்த்துவிட்டுப் பின்னர் இதழுடன் ஒப்பிட்டுத் தம் செவியின் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்வர். ஒவ்வொரு பயிற்சியின்போதும் அழைப்புக்குறியைச் சொல்வது விதி. முதலில் ஒரு குற்றொலியும் இரண்டு நெட்டொலியும் கேட்கும். டபிள்யூ என்ற எழுத்து அது.